காவற் பொருள்களும் காவலின் விலையும்: மின்காவல் வாயுக்களும் திரவங்களும் பற்றிய ஒரு நோக்கு

மின்சாரத்தைப் பற்றி எண்ணும்போது அதனைக் கடத்தும் பொருள்களே பெரும்பாலும் நம் நினைவுக்கு வருகின்றன. செம்பும் அலுமினியமும் பெறும் கவனத்தை, மின்னோட்டத்தைச் செல்லவிடாது தடுத்து நிற்கும் பொருள்கள் பெறுவதில்லை. ஆயினும் ஒரு மின்வழங்கல் தொகுதி இயங்குவதற்குக் கடத்தி எவ்வளவு இன்றியமையாததோ, காவலியும் அவ்வளவு இன்றியமையாதது. கோபுரங்களிடையே தொங்கும் கம்பிகளைச் சூழ்ந்துள்ள வளி, தெருவோரத்து நிலைமாற்றியின் தொட்டியில் நிறைந்துள்ள எண்ணெய், உபநிலையங்களின் உலோகக் கூடுகளினுள் அமுக்கத்தின் கீழ் அடைக்கப்பட்டுள்ள வாயு ஆகிய மூன்றும் இப்பணியை ஓசையின்றிச் செய்து வருகின்றன.

இப்பொருள்களைப் பற்றி இரண்டு வினாக்களை இக்கட்டுரையில் எழுப்ப விரும்புகின்றோம். இவை எவ்வாறு, எந்நிலையில் தம் காவற்றன்மையை இழக்கின்றன என்பது முதலாவது. இவை பாதுகாப்பானவை எனக் கூறப்படும்போது யாருக்குப் பாதுகாப்பானவை என்பது இரண்டாவது. முதலாவது வினா பௌதிகத்துக்குரியது, இரண்டாவது சமூகத்துக்குரியது. எனினும் இவ்விரண்டும் தொடர்பற்றவையல்ல. ஒரு பொருளைச் சிறந்த காவலியாக்கும் பண்பு எதுவோ, அதுவே பல சந்தர்ப்பங்களில் அதன் கேட்டுக்கும் காரணமாகின்றது என்பதே நாம் நிறுவ முற்படும் கருத்தாகும்.

வளி முறிவடையும் விதம்

வளி ஒரு காவலி என்று பாடநூல்கள் கூறுகின்றன. ஆனால் வளி முற்றிலும் மின்னேற்றமற்றதன்று. விண்வெளியிலிருந்து வரும் கதிர்களும் நிலத்திலுள்ள கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள்களும் நிலமட்டத்துக்கு அண்மையில் ஒவ்வொரு கன சென்ரிமீற்றர் வளியிலும் செக்கனுக்கு ஏறத்தாழப் பத்து அயன் சோடிகளைத் தோற்றுவித்த வண்ணம் உள்ளன. எனவே கட்டற்ற இலத்திரன்கள் சில எப்போதும் வளியில் உண்டு. சாதாரண நிலையில் இவற்றால் தீங்கில்லை.

இரு மின்வாய்களுக்கிடையே வலிய மின்புலம் ஒன்று நிலவும்போது நிலைமை மாறுகின்றது. இலத்திரன் புலத்தினால் ஆர்முடுக்கப்படுகின்றது. அடுத்த மூலக்கூறுடன் மோதுவதற்கு முன் அது போதிய சக்தியைப் பெற்றுவிடுமாயின், அம்மோதல் மூலக்கூறிலிருந்து மற்றோர் இலத்திரனைப் பெயர்த்தெடுக்கும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். இவ்வாறு இருபது முறை இரட்டித்தால் எண்ணிக்கை பத்து இலட்சத்தைத் தாண்டும். இருபத்தேழு முறை இரட்டித்தால் பத்துக் கோடியைத் தாண்டும். மோதலால் நிகழும் இப்பெருக்கத்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒக்ஸ்போர்ட்டில் பணியாற்றிய யோன் ரவுன்சென்ட் கணித வடிவில் விளக்கினார். பெருக்கம் பத்துக் கோடி என்ற அளவை அணுகும்போது, அதன் சொந்த மின்னேற்றமே சூழவுள்ள புலத்தை உருத்திரித்து, ஒளிரும் இழை போன்ற ஒரு பாதையை மின்வாயிலிருந்து மின்வாய்க்கு விரைந்து வளரச் செய்கின்றது. 1940ஆம் ஆண்டளவில் ரேத்தர், மீக், லோப் ஆகியோர் இதனை ஆராய்ந்து விளக்கினர். அப்பாதை இணைந்த கணமே வளி காவலியாக இருப்பதை விட்டுக் கடத்தியாகின்றது. இதனையே மின்முறிவு என்கின்றோம்.

சீரான புலத்தில், சாதாரண வளிமண்டல அமுக்கத்தில், ஒரு சென்ரிமீற்றர் இடைவெளியை முறிப்பதற்கு ஏறத்தாழ 30 கிலோவோல்ற்று தேவை. முறிவழுத்தம் இடைவெளியை மட்டுமோ அமுக்கத்தை மட்டுமோ தனித்துச் சார்ந்ததன்று, அவ்விரண்டின் பெருக்கத்தையே சார்ந்தது என்பதை 1889இல் பிரீட்ரிக் பாசென் பரிசோதனை மூலம் காட்டினார். அமுக்கம் கூடின் மூலக்கூறுகள் நெருங்கும், இலத்திரன் சக்தி பெறுமுன்னரே மோதி அதனை இழக்கும், முறிவு கடினமாகும். அமுக்கம் மிகக் குறையின் மோதுவதற்கு மூலக்கூறுகளே அரிதாகும். அப்போதும் முறிவு கடினமாகும். அமுக்கமேற்றிய வாயுவும் வெற்றிடமும் ஆகிய இரண்டுமே நல்ல காவலிகளாக அமைவதன் காரணம் இதுவாகும். இவ்விரு எல்லைகளுக்கும் இடையே ஓர் இழிவுப் பெறுமானம் உண்டு. வளிக்கு அது ஏறத்தாழ 330 வோல்ற்று ஆகும்.

நம் இல்லங்களுக்கு வழங்கப்படும் 230 வோல்ற்று ஆடலோட்டத்தின் உச்சப் பெறுமானம் ஏறத்தாழ 325 வோல்ற்று ஆதலின், அது இவ்விழிவுக்கு அருகே நின்றுவிடுகின்றது. வீட்டு மின்சாரம் வளியினூடாக நம்மை நோக்கிப் பாய்ந்து வராமைக்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் இதனைப் பாதுகாப்பு என மயங்குதல் கூடாது. தொடுகை ஏற்பட்டபின் வளியின் காவலுக்கு அங்கு இடமே இல்லை. கிலோவோல்ற்று அளவிலான கம்பிகளிலோ, தொடாமலே அணுகுவதும் உயிராபத்தாகும்.

எண்ணெயின் வலிமையும் பலவீனமும்

வளியை மட்டும் நம்பி ஓர் உயரழுத்த நிலைமாற்றியை அமைப்பதாயின், அதன் சுருள்களை மிக விலக்கி வைக்க வேண்டியிருக்கும். அவற்றில் உண்டாகும் வெப்பத்தை அகற்றுவதும் கடினமாகும். கனிய எண்ணெய் இவ்விரு இடர்களையும் ஒருங்கே தீர்த்தது. எண்ணெயின் முறிவழுத்தத்தைச் சோதிப்பதற்கு 2.5 மில்லிமீற்றர் இடைவெளியுள்ள மின்வாய்களைப் பயன்படுத்துவது வழக்கம். நன்கு உலர்த்தி வடித்த எண்ணெய் அவ்விடைவெளியில் 70 கிலோவோல்ற்றையும் தாங்கும். அதே இடைவெளியில் வளி ஏறத்தாழ 10 கிலோவோல்ற்றில் முறிந்துவிடும். அன்றியும் எண்ணெய் பாயும் இயல்புடையதாதலின், சூடேறி மேலெழுந்து, தொட்டியின் சுவர்களிற் குளிர்ந்து கீழிறங்கி, வெப்பத்தைத் தானே வெளியே சுமந்து செல்கின்றது.

திரவத்தின் முறிவு வாயுவின் முறிவைப் போன்று ஒரே கோட்பாட்டில் அடங்குவதன்று. தூய திரவத்தில் நிகழ்வது ஒன்று. நடைமுறையில் நிலைமாற்றிகளில் நிகழ்வது வேறொன்று. நடைமுறை எண்ணெயில் முறிவைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் அதிலுள்ள மாசுகளே. நிலைமாற்றியின் சுருள்களைச் சுற்றியுள்ள காகிதத்திலிருந்து பிரியும் நுண்ணிய நார்கள் எண்ணெயில் மிதக்கின்றன. நார் ஈரத்தை உறிஞ்சுகின்றது. ஈரமேறிய நார் மின்புலத்தில் முனைவாக்கம் பெற்று, புலம் வலிதாக உள்ள இடத்தை நோக்கி இழுபடுகின்றது. ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும் நார்கள் இறுதியில் மின்வாய்களுக்கிடையே ஒரு பாலத்தை அமைத்துவிடுகின்றன. எண்ணெய்க்குமிழிகளும் இவ்வாறே கேடு விளைப்பன. குமிழியினுள் உள்ளது வாயு. அதன் முறிவு வலிமை எண்ணெயிலும் குறைவு. ஆனால் அதற்குள் நிலவும் புலமோ சூழவுள்ள எண்ணெயின் புலத்திலும் அதிகம். ஆதலின் முறிவு முதலிற் குமிழியிலே தொடங்குகின்றது.

எண்ணெயின் நோயை எண்ணெயே காட்டிக்கொடுக்கும் என்பது இத்துறையின் சிறப்பான அறிவாகும். பகுதி மின்னிறக்கம் நிகழும்போது எண்ணெய் சிதைந்து ஐதரசனைத் தோற்றுவிக்கின்றது. எண்ணெய் மிகச் சூடேறின் எதிலீன் உண்டாகின்றது. மின்வில் தோன்றின் அசற்றலீன் உண்டாகின்றது. காகிதம் கருகின் காபனோரொட்சைட்டும் காபனீரொட்சைட்டும் வெளிப்படுகின்றன. தொட்டியிலிருந்து மேலெழும் வாயுவைச் சேகரித்து எச்சரிக்கும் கருவியை 1921இல் யேர்மனியில் மக்ஸ் புக்ஹோல்ட்ஸ் அமைத்தார். அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. எண்ணெயிற் கரைந்துள்ள வாயுக்களின் விகிதத்தைக் கொண்டு பழுதின் வகையை இனங்காணும் முக்கோண வரைபை 1974இல் கனடாவின் மிசெல் டுவால் வெளியிட்டார்.

ஆகவே நிலைமாற்றியின் உடல்நிலை அறியப்பட முடியாததன்று. அறிந்தபின் செய்யப்படுவது யாது என்பதே வினா. 2025 மார்ச் 20ஆம் திகதி இரவு இலண்டனின் மேற்கே நோர்த் ஹைட் என்னும் 275 கிலோவோல்ற்று உபநிலையத்தில் நிலைமாற்றி ஒன்று தீப்பற்றியது. ஏறத்தாழ 67,000 நுகர்வோர் மின்சாரத்தை இழந்தனர். ஹீத்ரோ விமானநிலையம் மறுநாளின் பெரும்பகுதி மூடப்பட்டிருந்தது. உயரழுத்தக் கடத்தி நிலைமாற்றியின் தொட்டிக்குள் நுழையும் இடத்தில் அதனைச் சூழ்ந்துள்ள காவல் உறையினுள் ஈரம் புகுந்தமையே பெரும்பாலும் இவ்விபத்துக்குக் காரணம் என அவ்வாண்டு யூலையில் வெளியான பிரித்தானிய விசாரணை அறிக்கை முடிவு செய்தது. அதனிலும் கவனிக்கத்தக்கது, 2018 யூலையிலேயே எண்ணெய் மாதிரியில் ஈரம் மிகுந்திருப்பது அளந்தறியப்பட்டிருந்தும், ஏற்ற நடவடிக்கை மேற்கொள்ளப்படவில்லை என்று அவ்வறிக்கை கூறியமையாகும். அளவீடு ஏழாண்டுகளாக ஏட்டில் இருந்தது. எண்ணெய் தொட்டியில் இருந்தது. செல்வமும் தொழினுட்பமும் மிக்க ஒரு நாட்டிலேயே இது நிகழ்ந்தது.

எண்ணெயின் அடிப்படைக் குறை அது எரியும் என்பதே. பாயும் திரவ ஐதரோகாபனாக இருப்பதனாலேயே அது வெப்பத்தைச் சுமக்கின்றது. அதே காரணத்தினாலேயே, மின்வில் அதனை ஆவியாக்கித் தொட்டியைப் பிளக்கும்போது, ஆயிரக்கணக்கான இலீற்றர் எரிபொருளாக அது வெளியே கொட்டுகின்றது. மருத்துவமனைகளிலும் அலுவலகக் கட்டடங்களிலும் நிலைமாற்றிகளை உள்ளேயே நிறுவ வேண்டிய தேவை வந்தபோது, எரியாத திரவம் ஒன்றுக்கான தேடல் தவிர்க்க முடியாததாயிற்று.

எரியாத திரவம்

அத்தேடலுக்குக் கிடைத்த விடையே பல்குளோரோ இருபீனைல்கள். இரண்டு பீனைல் வளையங்களில் ஐதரசன் அணுக்களின் இடத்திற் குளோரின் அணுக்களை ஏற்றிப் பெறப்படும் இச்சேர்வைகள் 1929இல் ஐக்கிய அமெரிக்காவில் வணிக அளவில் உற்பத்தியாகத் தொடங்கின. இவை எளிதில் எரியமாட்டா. அமிலத்தாலும் காரத்தாலும் பாதிக்கப்படமாட்டா. ஆண்டுக்கணக்கிற் சூட்டில் இருந்தும் சிதையமாட்டா. ஒரு பொறியியலாளன் காவற் திரவம் ஒன்றிடம் வேண்டுவன யாவும் இவற்றில் இருந்தன. நிலைமாற்றிகளிலும் கொள்ளளவிகளிலும் இவை நாற்பதாண்டுகளுக்கு மேலாகப் பயன்பட்டன.

தொட்டியினுள் சிதையாத பொருள் தொட்டிக்கு வெளியேயும் சிதையாது என்பது காலந்தாழ்த்தியே உணரப்பட்டது. 1966இல் சுவீடனின் சோறென் யென்சன் என்னும் இரசாயனவியலாளர், மீன்களிலும் பறவைகளிலும் வேறொரு பொருளைத் தேடிக்கொண்டிருந்தபோது இச்சேர்வைகளைக் கண்டறிந்தார். இவை நீரிற் கரைவது அரிது, கொழுப்பிற் கரையும். ஆகவே சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும் பெருமீனிலிருந்து பறவைக்கும் மனிதனுக்கும் செல்லுந்தோறும் இவற்றின் செறிவு கூடுகின்றது. 1968இல் மேற்கு யப்பானில், தவிட்டெண்ணெய் உற்பத்தியில் வெப்பம் கடத்தும் திரவமாகப் பயன்பட்ட இப்பொருள் குழாயிலிருந்து கசிந்து சமையலெண்ணெயிற் கலந்தது. அதனை உண்டோருக்குத் தோலிலும் கண்களிலும் கொடிய நோய் தோன்றியது. யூஷோ எனப்படும் அந்நோயால் தாக்குண்டோரென அங்கீகரிக்கப்பட்டோர் காலப்போக்கில் 2,000ஐத் தாண்டினர். அவர்களுள் எவரும் நிலைமாற்றி ஒன்றையோ தொழிற்சாலைக் குழாயையோ தொட்டவரல்லர். சமையல் செய்து உண்டவரே.

எரியாத திரவம் என்னும் பெயரும் நிலைக்கவில்லை. 1981 பெப்ரவரி 5ஆம் திகதி நியூயோர்க் மாநிலத்தின் பிங்கம்ரன் நகரில், பதினெட்டு மாடி அரச அலுவலகக் கட்டடம் ஒன்றின் நிலவறையில் மின்பழுதினால் தீ மூண்டது. அங்கிருந்த நிலைமாற்றியின் திரவம் அத்தீயின் சூட்டில் மாற்றமடைந்து, அதனிலும் நச்சுத்தன்மை மிக்க டயொக்சின்களையும் பியூரான்களையும் தோற்றுவித்தது. நச்சுக்கரி காற்றுப்போக்கிகள் வழியே கட்டடம் முழுவதும் பரவியது. தீ விரைவில் அணைந்தது. கட்டடம் மீளத் திறக்கப்பட்டதோ 1994இல் ஆகும்.

2001இல் நிறைவேறி 2004இல் நடைமுறைக்கு வந்த ஸ்ரொக்ஹோம் சமவாயம், இச்சேர்வைகளைக் கொண்ட உபகரணங்களின் பாவனையை 2025ஆம் ஆண்டளவிலும் கழிவுகளை 2028ஆம் ஆண்டளவிலும் முடிவுக்குக் கொண்டுவருதலை இலக்காக விதித்தது. இலங்கை 2005இல் இதனை ஏற்புறுதி செய்தது. இச்சேர்வைகளை இலங்கை ஒருபோதும் உற்பத்தி செய்ததில்லை. இறக்குமதியான உபகரணங்களுடன் அவை வந்து சேர்ந்தன. பழைய நிலைமாற்றியின் எண்ணெயை வடித்த அதே இயந்திரத்தினாற் புதியதன் எண்ணெயையும் வடிக்கும்போது மாசு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்கின்றது. இலங்கை உட்பட வளர்முக நாடுகள் பலவற்றில், கழிக்கப்பட்ட நிலைமாற்றி எண்ணெய் சிறிய உருக்கியொட்டும் தொழிற்கூடங்களின் நிலைமாற்றிகளுக்குச் சென்றடைவதும் உண்டு. அங்கு வெறுங்கையால் அதனைக் கையாளும் தொழிலாளிக்கு அதிலுள்ளது யாது என்பதைக் கூறுவோர் இலர். நிறத்தினாலோ மணத்தினாலோ அதனை அறியவும் இயலாது. சோதனை ஒன்றே வழி.

எதனோடும் சேராத வாயு

திரவத்தின் இடர்களிலிருந்து விடுபட விரும்பிய பொறியியல் மீண்டும் வாயுவை நாடியது. 1900ஆம் ஆண்டளவில் பாரிசில் ஹென்றி மொய்சானும் போல் லெபோவும் தொகுத்த கந்தக அறுபுளோரைட்டு, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் உயரழுத்தச் சுற்றுடைப்பான்களில் இடம்பிடித்தது. ஒரு கந்தக அணுவைச் சூழ ஆறு புளோரின் அணுக்கள் சமச்சீராக அமைந்த இம்மூலக்கூறு நிறமற்றது, மணமற்றது, எரியாதது, தூய நிலையில் நச்சற்றது.

இதன் காவல் வலிமை வளியினதைப் போல் ஏறத்தாழ மும்மடங்காகும். முன்னர் கூறிய இலத்திரன் பெருக்கத்தை இங்கு நினைவுகூர்தல் வேண்டும். பெருக்கம் நிகழ்வதற்குக் கட்டற்ற இலத்திரன் தொடர்ந்து கட்டற்றதாகவே இருத்தல் வேண்டும். கந்தக அறுபுளோரைட்டோ தன்னருகே வரும் இலத்திரனைப் பற்றிக்கொண்டு எதிரயனாகின்றது. அவ்வயன் இலத்திரனிலும் இரண்டரை இலட்சம் மடங்குக்கு மேற் பாரமானது. ஆதலின் மின்புலத்தில் மெல்ல அசையுமேயன்றி மோதி அயனாக்கும் சக்தியைப் பெறமாட்டாது. சங்கிலி தொடக்கத்திலேயே அறுபடுகின்றது. மின்வில்லை அணைப்பதிலும் இவ்வாயு சிறந்தது. சிதைந்த மூலக்கூறுகள் வில் அணைந்ததும் பெரும்பாலும் மீண்டும் ஒன்றுசேர்ந்துவிடுகின்றன.

பெரும்பாலும் என்ற சொல்லிலேயே தொழிலாளியின் ஆபத்து அடங்கியுள்ளது. ஒன்றுசேராத சிறுபகுதி, ஈரத்துடனும் உலோகத்துடனும் தாக்கமுற்று ஐதரசன் புளோரைட்டு, தையோனைல் புளோரைட்டு முதலிய நச்சு வாயுக்களையும் வெண்ணிறப் புளோரைட்டுத் தூளையும் தருகின்றது. பழுதுற்ற கூட்டினைத் திறப்பவர் முகமூடியும் கையுறையும் இன்றித் திறத்தல் ஆகாது. தூய வாயுவும் வேறொரு வகையில் ஆபத்தானது. அது வளியிலும் ஐந்து மடங்கு பாரமானதாதலின், கசிந்தபின் வடக் கால்வாய்களிலும் நிலவறைகளிலும் தங்கி, அங்குள்ள ஒட்சிசனை வெளியேற்றிவிடும். மணமில்லாமையால் உள்ளே இறங்குபவருக்கு எச்சரிக்கை ஏதும் கிட்டாது.

இவற்றிலும் பெரிய கேடு எவர் கண்ணிலும் படாதது. ஒரு நூற்றாண்டுக் காலக் கணக்கில், இவ்வாயு புவியை வெப்பமாக்கும் ஆற்றலில் அதே நிறையுள்ள காபனீரொட்சைட்டிலும் ஏறத்தாழ 24,000 மடங்கு வலியது. வளிமண்டலத்தில் அதன் ஆயுட்காலம் பல நூறு ஆண்டுகள் முதல் மூவாயிரம் ஆண்டுகள் வரை மதிப்பிடப்பட்டுள்ளது. மழை அதனைக் கழுவுவதில்லை. மண்ணும் கடலும் அதனை உட்கொள்வதில்லை. அறுபது கிலோமீற்றருக்கும் மேற்பட்ட உயரத்தை அடைந்தபின்னரே, அங்குள்ள கட்டற்ற இலத்திரன்களும் கடுமையான ஊதாக்கடந்த கதிர்களும் அதனை மெல்ல அழிக்கின்றன. சுற்றுடைப்பானில் நம்மைக் காக்கும் இலத்திரன் பற்றும் பண்பே, இறுதியில் அதன் அழிவுக்கும் வழியாகின்றது. ஆனால் அதற்கு யுகங்கள் கழிகின்றன. 1997இன் கியோற்றோ உடன்படிக்கை கட்டுப்படுத்த முற்பட்ட ஆறு வகை வாயுக்களுள் இதுவும் ஒன்று. எனினும் வளிமண்டலத்தில் இதன் அளவு தொடர்ந்து ஏறி, 2020ஆம் ஆண்டளவிலேயே ஒரு இலட்சம் கோடியில் பத்துப் பங்கைத் தாண்டிவிட்டது.

மாற்று வழிகள்

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய சட்டம், இவ்வகை வாயுக்களைக் கொண்ட புதிய ஆளித் தொகுதிகளை 2026 முதல் படிப்படியாகத் தடைசெய்கின்றது. நடுத்தர அழுத்தங்களில் வெற்றிடச் சுற்றுடைப்பானும் உலர்வளியும் ஏற்கனவே அவ்விடத்தை நிரப்பி வருகின்றன. உயரழுத்தத்துக்கென முன்வைக்கப்பட்ட புளோரோநைத்திரைல் கலவைகள் வெப்பமாக்கும் ஆற்றலிற் குறைந்தவை. ஆனால் அவை, எளிதிற் சிதையாத புளோரின் சேர்வைகள் பற்றிய வேறொரு கவலைக்கு இடமளித்துள்ளன. அவற்றின் முதன்மை உற்பத்தி நிறுவனம் அத்தகைய சேர்வைகளின் உற்பத்தியை 2025ஆம் ஆண்டிறுதியுடன் கைவிடுவதாக 2022 திசெம்பரில் அறிவித்தது. பழைய கதை புதிய பெயருடன் தொடங்குவதற்கான அறிகுறியாகவே இதனை நாம் காண்கின்றோம்.

திரவங்களுள், தாவர எண்ணெய்களிலிருந்து பெறப்படும் இயற்கை எசுத்தர்கள் நம்பிக்கை தருகின்றன. இவை எரியத் தொடங்கும் வெப்பநிலை 300 பாகை செல்சியசுக்கு மேற்பட்டது; கனிய எண்ணெயினது இதன் பாதியளவே. மண்ணிற் சிந்தினால் நுண்ணுயிர்கள் இவற்றை எளிதிற் சிதைத்துவிடும். இலங்கைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேங்காயெண்ணெயை நிலைமாற்றியிற் பயன்படுத்துவது பற்றி இந்நூற்றாண்டின் தொடக்கம் முதலே ஆராய்ந்து வந்துள்ளனர். நிரம்பிய கொழுப்பமிலங்கள் மிகுந்ததாதலின் ஏனைய தாவர எண்ணெய்களைப்போல் அது விரைவில் ஒட்சியேற்றமடைவதில்லை. ஆனால் 24 பாகை செல்சியசு அளவிலேயே உறையத் தொடங்குவது அதன் தடையாகும். யாழ்ப்பாணத்துக்கு ஏற்ற எண்ணெய் நுவரெலியாவுக்கு ஏற்றதாகாது. ஈரம், நார், குமிழி பற்றி நாம் கூறியவை யாவும் இவ்வெண்ணெய்களுக்கும் பொருந்தும். பேணுதல் இன்றிக் காக்கும் திரவம் எதுவும் இல்லை.

முடிவாக

எண்ணெய் எரிந்தபோது ஆபத்து இயந்திரத்தினருகே நின்றவருக்கு நேர்ந்தது. எரியாத திரவம் வந்தபோது அது மீனுண்பவருக்கும், கழிவெண்ணெயைக் கையாளும் தொழிலாளிக்கும், இன்னும் பிறவாத குழந்தைக்கும் மாறியது. நச்சற்ற வாயு வந்தபோது அது உலகோர் அனைவருக்கும், நூற்றாண்டுகள் கழித்துப் பிறக்கவுள்ளோருக்கும் பகிரப்பட்டது. ஒவ்வொரு மாற்றமும் உண்மையான ஓர் இடரைத் தீர்த்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் ஒவ்வொரு முறையும் ஆபத்து, முடிவெடுப்போரிடமிருந்து மேலும் விலகி, முடிவெடுப்பதில் எவ்விதப் பங்குமற்றோரிடம் சென்றடைந்தது.

இதிலிருந்து பெறப்படும் பணிகள் பெருஞ்செலவுக்குரியனவல்ல. எண்ணெய் மாதிரியில் எல்லை மீறிய அளவீடு எதுவாயினும், அதற்கு எவர் எப்போது பதில் நடவடிக்கை எடுத்தார் என்பது பதியப்படல் வேண்டும். பழைய நிலைமாற்றியும் அதன் எண்ணெயும் கைமாறுமுன் குளோரின் சேர்வைக்காகச் சோதிக்கப்படல் வேண்டும். நிரப்பிய வாயு எவ்வளவு, மீட்ட வாயு எவ்வளவு என்ற கணக்கு ஒவ்வொரு உபநிலையத்திலும் இருத்தல் வேண்டும். கூட்டினைத் திறக்கும் தொழிலாளி அதனுள் இருப்பது யாது என்பதைத் தன் மொழியில் அறிந்திருத்தல் வேண்டும். புதிய காவற் பொருள் ஒன்று முன்வைக்கப்படும்போது, அது எத்தனை கிலோவோல்ற்றைத் தாங்கும் என்பதோடு, கசிந்தபின் எங்கே செல்லும், எவ்வளவு காலம் தங்கும் என்ற வினாக்களுக்கும் விடை கோரப்படல் வேண்டும். இவ்வினாக்களைப் பொறியியலாளர் மட்டுமன்றி, மின்சாரத்தைப் பயன்படுத்தும் அனைவரும் கேட்கும் உரிமையுடையோர் என நாம் கருதுகின்றோம்.